வீட்டில் ஷோபாவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸின் தாவாவ் நகரத்தில் நான் மருத்துவம் படித்த வருடங்களில், குடியிருந்த வீட்டுக்கார அம்மா சனிக்கிழமைதோறும் ஷோபாவ் அவித்து அக்கம்பக்கத்தில் விற்பார். தெருவே அவரை 'டீட்டா' என்று கூப்பிடும். அத்தை, சித்தி எல்லோருக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். வாடகைக்கு வந்த பையன் சும்மா இருக்கிறானே என்று ஒருநாள் என்னை மாவு உருட்ட உட்கார வைத்தார். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஊர் திரும்பி நானே அவிக்க ஆரம்பித்தபின் நண்பர்களும் உறவுக்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் "ஏன் என்னுடையது சுருங்கிப்போச்சு?" என்ற வகைதான்.

ஷோபாவ் என்றால் என்ன?

உள்ளே இறைச்சிப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த வெள்ளை பன். ஒரு கையில் அடங்காத அளவு, லேசான இனிப்பு, பஞ்சு மாதிரி மாவு. பிலிப்பைன்ஸில் மெரியெண்டா எனப்படும் மாலைச் சிற்றுண்டி நேரத்துக்கு இது உகந்த பண்டம். பேருந்து நிலையத்திலும் கிடைக்கும், பள்ளிக்கூடக் கேன்டீனிலும் கிடைக்கும், செவன் லெவன் கடையின் கண்ணாடிச் சூடுபெட்டியிலும் இருக்கும்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

ஷோ-பாவ். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'சியோபாவோ' என்று வாசிக்க வேண்டாம். சொல் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தது. 'சியோ' என்றால் சூடு, 'பாவ்' என்றால் பன். சூடான பன், அவ்வளவுதான். பிலிப்பைன்ஸ் சீனர்களில் பெரும்பாலோர் ஃபூஜியன் மாகாணத்து ஹொக்கியன் மொழிக்காரர்கள் என்பதால் அங்கே பல சீன உணவுகளின் பெயர் அந்த மொழியில்தான் நிலைத்திருக்கிறது.

அங்கே இதைப் பிரபலமாக்கியது யார்?

சீன வணிகர்கள் ஸ்பானியர்களுக்கு முன்பிருந்தே அந்தத் தீவுகளுக்குப் போய்வந்தவர்கள். மணிலாவின் பினோண்டோ பகுதி 1594-ல் அமைக்கப்பட்டது. உலகின் மிகப் பழைய சைனாடவுன் என்று அதைச் சொல்வார்கள். ஆகவே ஆவியில் அவித்த பன் யாரோ ஒருவர் ஒரே நாளில் கொண்டுவந்த பண்டம் இல்லை.

ஆனால் ஷோபாவ் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் மா மோன் லுக். சீனாவின் குவாங்டாங்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஏழை என்று பெண்வீட்டார் பெண் தர மறுத்ததால் பிழைப்புத் தேடி 1918-ல் மணிலாவுக்குக் கப்பலேறினார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. தோளில் காவடி போட்டு, ஒரு பக்கம் நூடுல்ஸும் கோழியும், மறுபக்கம் கொதிக்கும் சூப்புமாகத் தெருத்தெருவாக விற்றார். கேட்பவர் கையிலிருக்கும் காசுக்கு ஏற்ற அளவை கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவாராம். பிறகு கடை வைத்தார், கிளைகள் வந்தன, 1961-ல் காலமானார். மணிலாவை ஒட்டிய கேசோன் சிட்டியில் அவர் பெயரிலுள்ள கடையில் பழைய மேசை நாற்காலிகளோடு அந்தச் சூப்பும் ஷோபாவும்தான் கொடி கட்டிப் பறந்தன.

அந்தச் சூப்புக்குப் பெயர் 'மாமி'. முதல் தடவை மெனுவில் "மாமியும் ஷோபாவும்" என்று பார்த்துவிட்டு நான் சிரித்த காரணத்தை டீட்டாவுக்கு விளக்கவே பத்து நிமிடம் ஆனது. இரண்டையும் சேர்த்து வாங்குவதுதான் வழக்கம்.

கான்டனீஸ் 'சார் சியு பாவ்'வும் இதுவும் ஒன்றுதானே?

பங்காளிகள். ஒரே ஆள் இல்லை. சார் சியு என்பது சுட்ட பன்றிக்கறி. அதைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் குழம்பில் புரட்டி உள்ளே வைப்பார்கள். டிம்சம் எனப்படும் சீனச் சிற்றுண்டிக் கடையில் கிடைக்கும் பன் சிறியது, அவியும்போது தலை பிளந்து பூப்போல விரியும். விரிந்தால்தான் அது நல்ல பன். ஷோபாவ் பெரியது, தலை மூடியே இருக்க வேண்டும். இதன் கறி சுட்டதல்ல, சோயா சாஸில் வெகுநேரம் வேகவைத்து இழை இழையாகப் பிய்த்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பூரணத்துக்குப் பெயர் 'அசாடோ', ஸ்பானிய மொழியில் 'சுட்டது' என்று பொருள். சீனப் பண்டம், ஸ்பானியப் பெயர், செய்முறை இரண்டுமில்லை. பிலிப்பைன்ஸ் சமையலில் இப்படி நிறைய உண்டு.

அசாடோ, போலா-போலா: முதலில் எதைச் செய்யலாம்?

அசாடோ. கறி முன்பே வெந்திருப்பதால் பன் வெந்ததா என்பதை மட்டும் கவனித்தால் போதும். போலா-போலா என்பது கொத்திய பன்றிக்கறியை உருண்டையாகப் பிடித்து, நடுவில் உப்பிட்ட வாத்து முட்டைத் துண்டும் சில சமயம் சீன சாஸேஜும் வைத்துப் பச்சையாகவே மாவுக்குள் பொதிவது. மாவும் கறியும் ஒரே நேரத்தில் வேக வேண்டும். இரண்டு தடவை அசாடோ செய்து கை பழகியபின் அதற்குப் போங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று தெரியாது என்பதால் சில கடைகளில் ஒரு வகையின் உச்சியில் சிவப்புப் பொட்டு வைத்திருப்பார்கள்.

எந்தப் பகுதிக் கறி வாங்க வேண்டும்?

முன்னந்தொடை, தோள் பகுதி. பிலிப்பைன்ஸ் சந்தையில் 'காசிம்' என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். கொழுப்பும் சவ்வும் கலந்திருக்கும் பகுதி இது. சவ்வு மெதுவாக உருகித்தான் குழம்பு பிசுபிசுப்பாகும். வெறும் சதையாக, 'கொழுப்பே வேண்டாம்' என்று பின்தொடை வாங்கினால் பூரணம் மரத்தூள் மாதிரி ஆகும். வயிற்றுப் பகுதியும் வேண்டாம், கொழுப்பு அதிகமாகி மாவின் ஓரத்தில் எண்ணெய் ஏறினால் பன் மூடிக்கொள்ளாது.

அசாடோ எப்படிச் செய்வது? அளவு சொல்லுங்கள்.

பன்னிரண்டு பன்னுக்கு:

பன்றித் தோள் கறி 700 கிராம், இரண்டு அங்குலத் துண்டுகளாக
பூண்டு 6 பல், வெங்காயம் பெரியது 1
சோயா சாஸ் 80 மி.லி.
ஆய்ஸ்டர் சாஸ் 2 மேசைக்கரண்டி
நாட்டுச் சர்க்கரை 60 கிராம்
அன்னாசிப்பூ 2
மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி
தண்ணீர் 650 மி.லி.
கார்ன்ஃப்ளோர் 2 மேசைக்கரண்டி

கறியை எண்ணெயில் எல்லாப் பக்கமும் நிறம் மாறும்வரை வதக்கி எடுத்து வையுங்கள். அதே சட்டியில் பூண்டு, வெங்காயம் வதக்கி, கறியைத் திரும்பப் போட்டு, கார்ன்ஃப்ளோர் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊற்றுங்கள். கொதி வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து மூடி ஒன்றேகால் மணி நேரம். முள்கரண்டி பட்டாலே கறி பிரிய வேண்டும். குக்கரில் அரை மணியில் முடித்துவிடலாம் என்பீர்கள். முடியும், ஆனால் குழம்பு சுண்டாமல் தண்ணீராக நிற்கும். அதைப் பிறகு தனியாகச் சுண்டவைக்க வேண்டியிருக்கும்.

கறியை எடுத்துப் பிய்த்துக்கொள்ளுங்கள். குழம்பை வடிகட்டி இரண்டு பங்காக்கி, ஒரு பங்கைத் தொட்டுக்கொள்ளும் சாஸுக்காக ஒதுக்குங்கள். மறு பங்கில் கறியைப் போட்டு, கார்ன்ஃப்ளோரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். எப்போது நிறுத்துவது? கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். குழம்பு ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் கிளற வேண்டும். கோடு நின்றால் இறக்கலாம்.

அடுத்ததைத்தான் பாதிப்பேர் செய்வதில்லை: இந்தப் பூரணத்தைக் குளிர்பெட்டியில் வைத்து நன்றாகக் குளிரவிட வேண்டும். இரண்டு மணி நேரமாவது. டீட்டா வெள்ளிக்கிழமை இரவே செய்துவைத்துவிடுவார். குளிர்ந்தால் கொழுப்பும் உருகிய சவ்வும் கட்டியாகி, பூரணம் உருட்டினால் உருண்டை நிற்கும். சூடாக வைத்தால் குழம்பு ஓரத்துக்கு ஓடும், மாவு அங்கே ஊறும், அடி பிய்ந்து பூரணம் ஆவித் தட்டில் கிடக்கும். வெதுவெதுப்பாக இருக்கிறதே, போதாதா என்று ஒருமுறை அவசரப்பட்டேன். பன்னிரண்டில் ஏழு பிய்ந்தது. டீட்டா ஒன்றும் சொல்லவில்லை. பிய்ந்த ஏழையும் எனக்கே இரவுச் சாப்பாடாக வைத்துவிட்டார்.

சாதாரண மைதா போதுமா?

போதும். அங்கே கடைக்காரர்கள் புரதம் குறைந்த, நன்கு வெளுத்த 'ஹாங்காங் மாவு' பயன்படுத்துவார்கள். புரதம் குறைந்தால் பசைத்தன்மை குறையும், பன் இழுபடாமல் மென்மையாகக் கடிபடும். வீட்டில் 450 கிராம் மைதாவோடு 50 கிராம் கார்ன்ஃப்ளோர் கலந்தால் கிட்டத்தட்ட அந்த மென்மை வந்துவிடும். பிரெட் மாவு வேண்டாம். கோதுமை மாவில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், அது வேறு பண்டம்.

மாவு பிசைவது எப்படி?

மேலே சொன்ன 500 கிராம் மாவுக் கலவைக்கு சர்க்கரை 80 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம் (இரண்டு தேக்கரண்டி), பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான பாலோ தண்ணீரோ 260 மி.லி., பன்றிக்கொழுப்பு 40 கிராம்.

பேக்கிங் பவுடரை மாவோடு இரண்டு தரம் சலியுங்கள். ஏன் என்று பின்னால் வரும். பால் கையில் ஊற்றினால் இதமாக இருக்க வேண்டும், அதாவது 40 டிகிரி செல்சியஸ் அளவு. சுட்டால் ஆறவிடுங்கள், 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும். மாவு ஒன்று சேர்ந்தபின் கொழுப்பைச் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். முதலில் கையெல்லாம் ஒட்டும். உடனே மாவு தூவாதீர்கள். ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு அதுவே கையை விடும். முடிவில் காது மடல் மாதிரி மெத்தென்று, மேற்பரப்பு வழவழவென்று இருக்க வேண்டும்.

கொழுப்புக்குப் பதில் வனஸ்பதியோ வெண்ணெயோ போடலாம். வெண்ணெய் போட்டால் மாவு லேசாக மஞ்சள் காட்டும், வாசனையும் மாறும். நான் பன்றிக்கொழுப்பின் கட்சி. கறிக்கடையில் வாங்கிய கொழுப்பைச் சிறிது தண்ணீரோடு சின்னத் தீயில் உருக்கி வடிகட்டினால் முடிந்தது.

ஈஸ்ட் இருக்கும்போது பேக்கிங் பவுடர் எதற்கு?

ஈஸ்ட் மெதுவாக வேலை செய்து சுவையும் உப்பலும் தரும். ஆவி பட்டதும் ஈஸ்ட் சீக்கிரம் செத்துவிடும். அந்த நேரத்தில் பேக்கிங் பவுடர் கடைசியாக ஒரு தள்ளு தள்ளி மாவைத் தூக்கும். பன்னுக்குள் நுண்ணிய, ஒரே சீரான துளைகள் வருவது இரண்டும் சேர்ந்ததால்தான்.

எவ்வளவு நேரம் உப்பவைக்க வேண்டும்?

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். முதல் உப்பல்: அளவு இரண்டு மடங்காகும்வரை. வெப்பமான ஊரில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். இரண்டாம் உப்பல், அதாவது பூரணம் வைத்து உருட்டியபின்: 20 முதல் 30 நிமிடம். விரல் நுனியால் மெதுவாக அமுக்கினால் குழி சோம்பேறித்தனமாக மேலே வர வேண்டும். சட்டென்று எழுந்தால் இன்னும் நேரம் தேவை. குழி அப்படியே கிடந்தால் தாண்டிவிட்டது.

பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் அவிக்க முடியாதவர்கள் இங்கே ஏமாறுவார்கள். முதல் ஈடு வேகும்போதே மூன்றாம் ஈடு அளவுக்கு மீறி உப்பிவிடும். முதல் ஈட்டுப் பன்களை மட்டும் வெளியே உப்பவிட்டு, மீதி பன்களை உருட்டியதும் குளிர்பெட்டிக்குள் தள்ளுங்கள், முறை வரும்போது எடுக்கலாம்.

மூடுவது வரவில்லை. மடிப்பு அசிங்கமாக இருக்கிறது.

கொழுக்கட்டைச் செப்பு செய்யத் தெரிந்த கைக்கு இது பெரிய விஷயமில்லை. மாவை 12 உருண்டையாக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 75 கிராமாகப் பிரித்துப் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். பிறகு வட்டமாகத் தேயுங்கள், குறுக்களவு 10 செ.மீ. ஓரம் மெல்லியதாக, நடு தடிமனாக இருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் உருட்டுக்கட்டையால் சுற்றிச் சுற்றி அழுத்தினால் அப்படி வரும். நடுவும் மெல்லிசாகிவிட்டால் அடி பிய்யும், ஓரம் தடித்துவிட்டால் உச்சியில் கடிக்க முடியாத மாவுக்கட்டி சேரும்.

குளிர்ந்த பூரணம் 45 முதல் 50 கிராம் வைத்து, இடது உள்ளங்கையில் கிண்ணம் மாதிரி ஏந்தி, வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக மடித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். கடைசியில் ஒரு திருகு. ஓரத்தில் குழம்போ எண்ணெயோ பட்டுவிட்டால் அந்த இடம் ஒட்டவே ஒட்டாது. துடைத்து, துளி மாவு தொட்டு மூடுங்கள். மடிப்பு சகிக்கவில்லையா? கவிழ்த்து வையுங்கள். மடிப்பு அடிக்குப் போய், மேலே வழவழப்பான மொட்டை பன். கடைகளிலும் இப்படி இருக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொன்றுக்கும் அடியில் 8 செ.மீ. சதுரத்தில் வெட்டிய பேக்கிங் தாள் வையுங்கள்.

ஸ்டீமர் இல்லை. இட்லிப் பானை போதுமா?

தாராளமாக. குழித்தட்டை எடுத்துவிட்டுத் துளையுள்ள சமதட்டு ஒன்றை வையுங்கள். இரண்டே விஷயம் பாருங்கள். ஒன்று, பன் உப்பி எழும், ஆகவே தட்டுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரல்கடையாவது இடம் வேண்டும். பன்னுக்கும் பன்னுக்கும் இடையிலும் இரண்டு விரல் இடம் விடுங்கள். இரண்டு, மூடியில் சேரும் ஆவித்தண்ணீர் சொட்டினால் பன்னின் தோலில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். மூடியை ஒரு பருத்தித் துணியால் சுற்றி, முனைகளை மேலே முடிச்சுப் போடுங்கள். டீட்டா இதற்கு 'காச்சா' எனப்படும் மாவுமூட்டைத் துணியை வைத்திருந்தார். மூங்கில் கூடைக்கு இந்தச் சிக்கல் இல்லை, மூங்கிலே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

தண்ணீர் கொதித்தபின் பன்களை வைத்து, தீயை நடுத்தரத்துக்குக் குறைத்து 15 நிமிடம். நடுவில் திறக்கக் கூடாது.

திறந்தபோது அழகாக இருந்தது, ஒரே நிமிடத்தில் சுருங்கிக் கிழவியாகிவிட்டது. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி. காரணம் ஒன்றல்ல.

பெரும்பாலும் குற்றவாளி தீ. கொதி பயங்கரமாக இருந்தால் மாவு வேகும் வேகத்தை மீறி உள்ளே காற்று விரியும். அடுப்பை அணைத்ததும் அந்தக் காற்று சுருங்க, இன்னும் உறுதிப்படாத சுவர் அதோடு சேர்ந்து இறங்கும். அணைத்த உடனே மூடியைத் தூக்குவதும் அப்படித்தான், குளிர்காற்று முகத்தில் அடித்த மாதிரி. அணைத்தபின் மூடியைக் கால்விரற்கடை சாய்த்து வைத்து ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். உள்ளே சூடு மெல்ல இறங்கட்டும். அப்புறம் திறங்கள்.

இரண்டு நிலையிலும் சரியாகச் செய்தும் சுருங்கினால், மாவு அதிகமாக உப்பியிருந்தது என்று அர்த்தம். முன்பு சொன்ன விரல் சோதனையை நம்புங்கள். இன்னொன்று, போதாத பிசைவு. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம், கை வலித்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுருங்கிய பன் கெட்டுப்போனதில்லை. சுவை அதேதான். படம் எடுக்காமல் சாப்பிட்டுவிடலாம்.

பன் மஞ்சளாக இருக்கிறது, சில இடத்தில் பழுப்புப் புள்ளிகள்.

புள்ளிகள் பேக்கிங் பவுடர் கரையாமல் நின்ற இடங்கள். அதற்குத்தான் இரண்டு தரம் சலிக்கச் சொன்னேன். மொத்தமும் மஞ்சளானால் பேக்கிங் பவுடர் அளவு கூடியிருக்கும். கோதுமையில் இயல்பாகவே உள்ள சில நிறமிகள் காரத்தன்மையில் மஞ்சளாகும், அமிலத்தன்மையில் நிறமிழக்கும். பிலிப்பைன்ஸ் வீடுகளில் அவிக்கும் தண்ணீரில் இரண்டு கரண்டி வினிகர் ஊற்றும் பழக்கம் இந்த நோக்கத்தோடுதான். நானும் ஊற்றுகிறேன். ஆனால் கடை வெண்மை வேண்டுமென்றால் வெளுத்த மாவும் வெள்ளைக் கொழுப்பும்தான் வழி. எனக்கு லேசான தந்த நிறத்தில் ஆட்சேபம் இல்லை.

போலா-போலா செய்முறை?

கொத்திய பன்றிக்கறி 500 கிராம், துருவிய சிறிய கேரட் 1, பொடியாக நறுக்கிய வெங்காயம் 1, வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, முட்டை 1, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, கார்ன்ஃப்ளோர் 2 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள். அங்கே வறுத்த எள்ளின் எண்ணெய் ஊற்றுவார்கள். வாசனை அதில் தூக்கல், நம் செக்கு எண்ணெயில் அவ்வளவு வராது. ஒரே திசையில் கிளறி, பிசுபிசுப்பு வந்ததும் குளிரவைத்து, 45 கிராம் உருண்டைகளாகப் பிடித்து நடுவில் உப்புமுட்டைத் துண்டை அமுக்குங்கள். அவிக்கும் நேரம் 20 நிமிடம். கறி பச்சையாக உள்ளே போகிறது என்பதை மறக்க வேண்டாம். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே சிவப்பு தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுக்கறி 71 டிகிரி காட்ட வேண்டும்.

உப்புமுட்டை எங்கே கிடைக்கும்?

கிடைக்காவிட்டால் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 300 கிராம் உப்பைக் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்து, வாத்து முட்டைகளை முழுகப் போட்டு மூன்று வாரம். மிதக்காமல் மேலே ஒரு சின்னத் தட்டு வையுங்கள். பிறகு வேகவைத்தால் மஞ்சள்கரு எண்ணெய் மினுங்கும். பிலிப்பைன்ஸில் இந்த முட்டையின் ஓட்டுக்கு அடர்ந்த ரோஜா நிறம் பூசி விற்பார்கள். சாதாரண முட்டையோடு கலந்துவிடாமல் இருக்கத்தான். முதல் வாரம் நான் அதை ஏதோ பண்டிகைக்கான அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவசரமானால் வெந்த கோழிமுட்டைத் துண்டு வைக்கலாம், அங்கேயும் வைப்பதுண்டு.

கூட வரும் அந்தக் கறுப்பு சாஸ்?

அது இல்லாமல் சாப்பிடுபவர்களை அங்கே வினோதமாகப் பார்ப்பார்கள். ஒதுக்கிவைத்த அசாடோக் குழம்பு 200 மி.லி., தண்ணீர் 100 மி.லி., சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல். கொதித்ததும் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோரைக் கரைத்து ஊற்றிப் பளபளப்பு வரும்வரை கிளறுங்கள். இனிப்பு ஒரு படி முன்னே நிற்க வேண்டும். பன்னைப் பிட்டு உள்ளே ஊற்றுவதா, முக்கிச் சாப்பிடுவதா என்பதில் சண்டைகள் உண்டு. நான் ஊற்றுபவன்.

பன்றி சாப்பிடாதவர்கள்?

கோழித் தொடைக்கறி. நேரம் 35 நிமிடம் போதும், தண்ணீரை 400 மி.லி. ஆகக் குறையுங்கள், மாவில் வனஸ்பதி போடுங்கள். தாவாவ் இருக்கும் மிண்டனாவ் தீவில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்வதால் கோழி ஷோபாவ் அங்கே சகஜம். நெஞ்சுக்கறி வேண்டாம், உலர்ந்துவிடும்.

'டோஸ்டட் ஷோபாவ்' என்றால் வறுத்ததா?

இல்லை, ஓவனில் சுட்டது. பிக்கோல் வட்டாரத்தின் பண்டம், நாகா நகரத்தில் பெயர்பெற்றது. மேல்தோல் பழுப்பாக, பிரெட் பன் மாதிரி இருக்கும். நல்ல பண்டம்தான், ஆனால் ஆவியில் வெந்த ஈரம் அதில் இல்லை. அதற்கு மாவின் அளவுகளே வேறு. இந்தக் குறிப்பை அப்படியே ஓவனில் வைக்காதீர்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்?

குளிர்பெட்டியில் மூன்று நாள். உறைபெட்டியில் ஒரு மாதம் தாராளமாக. ஆறியபின் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள், அவித்தபின் உறையவைப்பதே நல்லது. எடுத்ததும் உருகவிடாமல் நேராக ஆவியில் 15 நிமிடம். மைக்ரோவேவ் என்றால் ஈரமான டிஷ்யூ தாளைப் போர்த்தி, குளிர்பெட்டியில் இருந்த பன்னுக்கு 40 வினாடி. சூடாக உடனே சாப்பிட வேண்டும், இல்லையென்றால் தோல் செருப்பாகிவிடும்.

பூனைக்கறி போடுவார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

பிலிப்பைன்ஸில் பிறந்த யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. மலிவு ஷோபாவ் பற்றி ஊர் ஊராகச் சுற்றிய வதந்தி. புதிதாகக் குடியேறிய சமூகத்தின் சாப்பாட்டுக் கடை நன்றாக ஓடினால் எல்லா ஊரிலும் இப்படி ஒரு கதை முளைக்கும். இப்போது அது வெறும் கேலி. நீங்கள் ஷோபாவைக் கடிக்கும் நேரம் பார்த்துப் பக்கத்திலிருப்பவர் "மியாவ்" என்பார். வீட்டில் செய்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

அடியிலுள்ள தாளையும் சாப்பிடலாமா?

கூடாது. கேட்க வெட்கப்பட்டு நான் முதல் ஷோபாவைத் தாளோடு முழுங்கினேன். டீட்டா கடைசித் துண்டு வரை பொறுத்திருந்துவிட்டு, "தாள் எங்கே, அனாக் (பிள்ளாய்)?" என்று மட்டும் கேட்டார்.